மஞ்சக் கடுதாசி கொடுத்தா வீட்டுல எதெல்லாம் மிஞ்சும்? அண்ணனுக்காகக் கேட்கிறேன்

பனியன்தம்பி, திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. அண்ணன் அனுப்பர்பாளையம் பக்கம் 12 பவர் டேபிள் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆர்டர் கொடுத்த பார்ட்டி பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்துக் கடைசியில் கையை விரித்துவிட்டது. அந்தப் பணத்தை நம்பி வாங்கிய கடன் அத்தனையும் இப்போது வாசலில் வந்து நிற்கிறது.

நிலவரம் இது. மெஷின் மேலும், அவிநாசிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்ட சைட் மேலும் வங்கிக் கடன். இரண்டு ஃபைனான்ஸில் புரோநோட்டும் செக்கும் கொடுத்து வாங்கியது தனி. எலாஸ்டிக், நூல், லேபிள் கடை பாக்கி. சொந்தக்காரங்க கைமாத்து. குடியிருக்கும் வீடு அண்ணன் பேரில்தான் இருக்கிறது, அதன் மேல் எந்த அடமானமும் கிடையாது. ஊரில் அப்பாரு (தாத்தா) காலத்துக் காடு, அதாவது விவசாய நிலம், 2 ஏக்கர், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அண்ணி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த நகையில் பாதி வீட்டில் இருக்கிறது, பாதி அண்ணன் பேரில் நகைக்கடனில் இருக்கிறது.

ஐ.பி., அதாவது மஞ்சக் கடுதாசி என்கிற நொடிப்பு மனு, போட்டுவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதற்கு முன்னால் வீட்டை அண்ணி பேருக்கு தானசெட்டில்மெண்ட் எழுதிவிடணுமாம். அண்ணனுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பிள்ளைகள் இரண்டும் படிக்கிறார்கள். சட்டப்படி எது நமக்கு மிஞ்சும், எது போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ரிக்வண்டி, திருச்செங்கோடு

தம்பி, முதல் வேலையா வீட்டை மாத்துங்க. எங்க ஊர்ல நாலஞ்சு பேர் அப்படித்தான் செஞ்சாங்க. இன்னைக்கும் அதே வீட்லதான் குடியிருக்காங்க, யாரும் ஒண்ணும் பண்ணல. குடும்பம் நடுத்தெருவுக்கு வரக் கூடாதுல்ல?

கறுப்புக்கோட்டு, ஈரோடு

தம்பி, தயவுசெய்து அந்தப் பத்திரத்தை எழுதாதீர்கள். இந்த மாதிரி மனுக்களில் இரண்டு பக்கமும் ஆஜராகியிருக்கிறேன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

சென்னைக்கு ஒரு சட்டம், நம்ம பக்கத்துக்கு ஒரு சட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தில் வருகின்றன. மனு சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி இன்னும் எல்லாருக்கும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் வந்திருக்கிறது. உங்கள் அண்ணன் சொந்தப் பேரில் தொழில் செய்தவர் என்றால் பழைய சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிய விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தை, அப்படி எழுதி 2 வருடத்துக்குள் நொடிப்பு மனு போட்டிருந்தால், நீதிமன்றம் ரத்து செய்யலாம். தானசெட்டில்மெண்ட் என்றாலே விலை இல்லாத பத்திரம். வில்லங்கச் சான்று போட்டால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வீடும் போகும், உங்கள் அண்ணன் ஏமாற்றுக்காரர் என்ற பெயரும் கோப்பில் ஏறும். சொத்தை மறைத்ததாக நிரூபணமானால் 69ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், கடைசியில் கடனிலிருந்து விடுவிப்புக் கேட்டு நிற்கும்போது இதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும்.

திருச்செங்கோட்டு அண்ணா சொன்ன ஆட்கள் இன்னும் அந்த வீட்டில் இருக்கலாம். கடன் கொடுத்தவர்களில் ஒருவரும், சொத்தை எடுத்து நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அதை நம்பி உங்கள் அண்ணன் குடும்பத்தைப் பணயம் வைக்க முடியாது.

எது மிஞ்சும் என்பதைச் சாயங்காலம் வந்து எழுதுகிறேன், கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

நூல்கடை, சோமனூர்

நான் கடன் கொடுத்த பக்கத்திலிருந்து பேசுகிறேன். கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எனக்கு நிற்க வேண்டிய பணம் பல இடத்தில் நின்றுபோனது. யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, அது அவர்கள் கையில் இல்லாத விஷயம். சொத்தையெல்லாம் மனைவி, மாமனார் பேருக்கு மாற்றிவிட்டு எனக்கு நோட்டீஸ் அனுப்பினவர்களைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த நூலுக்கு நான் மில்லுக்குக் காசு கட்டியாக வேண்டும் அல்லவா? என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் அண்ணன் எங்களை மாதிரி ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு கடன் என்று கணக்கை எடுத்து வைத்தால் பாதிப் பேர் தவணை தருவார்கள். லேபிள் கடைக்காரர் முதற்கொண்டு. அதைச் செய்து பார்த்தாரா?

பனியன்தம்பி, திருப்பூர்

நூல்கடை அண்ணா, நீங்க சொல்வது நியாயமுங்க. கடைக்காரர்களிடம் அண்ணன் பேசிவிட்டார், அவர்கள் நெருக்கவில்லை. நெருக்குவது ஃபைனான்ஸ்தான். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள், அண்ணி வெளியே போகவே பயப்படுகிறார்.

வக்கீல் அண்ணா, வீட்டை மாற்றப் போவதில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

செம்பருத்தி, பெருந்துறை

தம்பி, உங்க அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் இந்த நிலைமை வந்தபோது நகை யாருடையது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிறந்த வீட்டில் போட்ட நகை, சீராக வந்த பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் பெண்ணுடைய சொத்து. கணவருக்கு அதில் பங்கே கிடையாது. 1985இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவர் நொடித்துப்போனால் அவர் சொத்துதான் ரிசீவரிடம் போகும், உங்கள் அண்ணி நகை போகாது. ஆனால் அது அவருடையது என்று காட்ட வேண்டும். கல்யாண ஆல்பம், சீர் எழுதின நோட்டு, நகைக்கடை ரசீது, அவர் அப்பா அம்மா சொல்லும் சாட்சி எதுவாக இருந்தாலும் இன்றைக்கே எடுத்து ஒரு பையில் வையுங்கள். எங்கள் பக்கம் சீர் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை, தேடினால் கிடைக்கும்.

இரண்டாவது, அண்ணன் பேரில் நகைக்கடனில் இருக்கிற பாதி. இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அதே வங்கியில் அவருக்கு வேறு கடன் இருந்தால், நகைக்கடனைக் கட்டி முடித்தாலும் நகையைத் தராமல் நிறுத்தி வைப்பார்கள். வங்கிக்காரர் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

மூன்றாவது, அண்ணி எந்தக் காகிதத்திலாவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் கதையே வேறு. இனிமேல் எதிலும் போட வேண்டாம். ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கு வந்து ‘சும்மா ஒரு கையெழுத்துங்க அக்கா’ என்பார். போடவே வேண்டாம்.

பழைய மேனேஜர், கோவை

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சகோதரி சொன்னது சரி. ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவுப்படி வங்கிக்கு, தன்னிடம் இருக்கிற வாடிக்கையாளரின் பொருளைப் பொதுப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை உண்டு. சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தால் பாக்கிக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. நகைக்கடன் வேறு வங்கியில் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதே வங்கி என்றால், நகை மனைவியுடையது என்று இப்போதே எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்கு அடையாளமாக முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது. அடகு வைக்கும் சீட்டில் ‘நகை என்னுடையது’ என்று உங்கள் அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார், அதைக் காட்டுவார்கள். ஆனாலும் எழுத்தில் இருப்பது பின்னால் உதவும்.

அடமான சைட்டையும் மெஷினையும் பற்றி. ஐ.பி. போட்டால் வங்கி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடமானம் வாங்கியவரின் உரிமையை நொடிப்புச் சட்டம் தொடுவதே இல்லை. 90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு, ஈட்டுச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி செய்யும் 2002 சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கைக்கு எதிராக 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோவையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

என் யோசனை, சைட்டை ஏலத்துக்கு விடாமல் வங்கியின் சம்மதத்தோடு நீங்களே வாங்குபவரைப் பார்த்து விற்பது. ஏல விலைக்கும் அவிநாசிப் பக்கத்துச் சந்தை விலைக்கும் நிறைய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் குடும்பத்துக்கு மிஞ்சப்போகிற காசு. பேசி முடித்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வுக்கும் எழுதிக் கேளுங்கள், வட்டியில் குறைக்க வாய்ப்பு உண்டு. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் மீட்கும் உரிமை போய்விடும் என்பதை மனதில் வையுங்கள்.

லாரிப்பட்டறை, சங்ககிரி

தொழில் செய்யும் கருவியை எடுக்க முடியாது என்கிறார்களே, 12 மெஷினும் தொழில் கருவிதானே? எங்க பக்கம் லாரி வெச்சிருக்கறவங்களுக்கும் இதே கேள்விதான். வண்டி ஓடினாத்தான் சோறு.

கறுப்புக்கோட்டு, ஈரோடு

வந்துவிட்டேன். லாரி அண்ணா கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நொடிப்பு உத்தரவு வந்ததும் கடனாளியின் சொத்து முழுவதும் நீதிமன்றத்துக்கோ ரிசீவருக்கோ போகும். ஆனால் 28ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்கிறதோ, அதெல்லாம் ரிசீவர் கைக்கும் போகாது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை அந்த 60ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மதவழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, இதெல்லாம் தொட முடியாது. தாலி, மெட்டி பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 10 பவுன் கொடி என்றால் கேள்வி வரலாம். அங்கேதான் செம்பருத்தி அக்கா சொன்ன வாதம் தேவைப்படும். சீதனம் என்று காட்டிவிட்டால் எத்தனை பவுன் என்ற கேள்வியே எழாது, அது அவர் சொத்தே அல்ல.

கருவி என்று சட்டம் சொல்வது கைவினைஞரின் கருவியை. சென்னிமலையில் ஒருவர் தன் தறியில் தானே உட்கார்ந்து நெய்கிறார் என்றால் அந்தத் தறிக்குக் காப்பு உண்டு. ஒரு தையல்காரர் தானே மிதித்துத் தைக்கும் மெஷினுக்கும் அப்படியே. ஆள் வைத்து ஓட்டுகிற 12 பவர் டேபிளுக்கு அந்த வாதம் நிற்காது. அதுவும் வங்கிக்கு ஈடு வைத்த மெஷின். லாரியும் அப்படித்தான், ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது முதலில் அவர்களுக்குத்தான்.

ஆயுள் காப்பீட்டு பாலிசியில் வர வேண்டிய தொகைக்குக் காப்பு உண்டு. பாலிசியையே கடனுக்கு ஈடு வைத்திருந்தால் அந்தக் கடன் வரைக்கும் போகும். மனைவி பிள்ளைகள் பேருக்கு 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி எடுத்த பாலிசி என்றால் இன்னும் பலம், அது அவர்களுக்கான அறக்கட்டளை மாதிரி நிற்கும். ஆனால் பாலிசி எடுக்கும்போதே அப்படி எழுதியிருக்க வேண்டும். கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகு அவசரமாக எடுப்பது செல்லாது. அண்ணன் முன்னால் எங்காவது கம்பெனியில் வேலை பார்த்து பி.எஃப். இருக்கிறதா? இருந்தால் அது பத்திரம். பொது வருங்கால வைப்பு நிதியும் பத்திரம். அவசரப்பட்டு எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டால் அந்தக் காப்பு கேள்விக்குள்ளாகும், அதனால் அங்கேயே கிடக்கட்டும்.

நாளைக்கு அவர் சூப்பர்வைசராகச் சம்பளத்துக்குப் போனால், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருடையது. 25,000 சம்பளம் என்றால் 8,000 வரை பிடிக்கலாம், 17,000 வீட்டுக்கு வரும். ஒரே தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. தொழிலாளியின் கூலியாக இருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது.

இன்னொன்று. ‘மேற்படி விலக்குகளை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஃபைனான்ஸ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. 60ஆம் பிரிவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இனி வீடு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் சொந்த வீட்டுக்குத்தான் காப்பு. தொழில் நடத்தியவரின் வீட்டுக்கு இல்லை. நொடிப்பு உத்தரவு வந்தால் அந்த வீடு ரிசீவர் பட்டியலில் ஏறும்.

காட்டுக்காரன், காங்கேயம்

விவசாயிக்கு உண்டு என்றால், 2 ஏக்கர் காடு இருக்கிறதே, அண்ணனும் விவசாயிதானுங்களே?

நான் கேட்பதற்குக் காரணம், எங்கள் ஊரில் ஒருத்தர் மாடு இரண்டு, கலப்பை, விதைத் தானியம் என்று எழுதிக் கொடுத்து ஜப்தியிலிருந்து காப்பாற்றிக்கொண்டார். தோட்டத்துச் சாளையையும் (குடியிருக்கும் வீட்டையும்) தொடவில்லை.

கறுப்புக்கோட்டு, ஈரோடு

உங்கள் ஊர்க்காரருக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது. பிழைப்புக்குத் தேவையான மாடு, ஏர், விதை, குடியிருக்கும் சாளை எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. ஆனால் தானே பாடுபட்டு, முக்கியமாக அந்த வருமானத்தில் பிழைப்பவர்தான் சட்டம் சொல்லும் விவசாயி. பட்டாவில் பேர் இருந்தால் மட்டும் போதாது. அனுப்பர்பாளையத்தில் மெஷின் ஓட்டினவர் குடியிருக்கும் திருப்பூர் வீட்டுக்கு இந்தக் காப்பைக் கேட்டால் நிற்காது. சர்ஃபேசி சட்டத்திலும் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அது வங்கியில் அடமானம் வைத்த நிலத்தைப் பற்றிய பேச்சு.

தம்பி, அந்தக் காடு யாருடைய பேரில் இருக்கிறது? அப்பாரு சம்பாதித்ததா, அதற்கும் முன்னாலிருந்து வருவதா? அப்பா இருக்கிறாரா?

பனியன்தம்பி, திருப்பூர்

அப்பா இருக்கிறாருங்க. அப்பாருக்கு அவங்க அப்பா வழியில் வந்த காடு. பட்டா அப்பா பேரில். நானும் அண்ணனும் ஒரு அக்காவும். ஊரில் இருக்கிற வீடு மட்டும் அப்பா சம்பாதித்துக் கட்டியது.

கறுப்புக்கோட்டு, ஈரோடு

அப்படியானால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

காடு பூர்வீகம். பிறப்பாலேயே அண்ணனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. உங்களுக்கும் உண்டு, அக்காவுக்கும் 2005 திருத்தப்படி சம பங்கு உண்டு. அண்ணன் பங்கு மட்டும்தான் ரிசீவருக்குப் போகும். உங்கள் பங்கையும் அக்கா பங்கையும் அப்பா பங்கையும் அவருடைய கடனுக்காகத் தொட முடியாது. பயந்துபோய், பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணனிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடாதீர்கள், அதுவும் 53ஆம் பிரிவில்தான் மாட்டும். ரிசீவர் அவர் பங்கை விற்க வரும்போது நீங்களும் அக்காவும் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். காடு குடும்பத்திலேயே நிற்கும், பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும்.

அப்பா கட்டிய வீட்டில், அப்பா இருக்கும்வரை அண்ணனுக்கு உரிமை ஒன்றும் இல்லை. பின்னால் கிடைக்கலாம் என்கிற எதிர்பார்ப்பை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் விடுவிப்பு உத்தரவு வருவதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகி, அண்ணனுக்குப் பங்கு வந்தால் அதுவும் ரிசீவருக்குப் போகும். அப்பா தன் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், பேரப்பிள்ளைகளுக்கு எழுதினாலும் யாரும் கேட்க முடியாது. அது அண்ணனுடைய சொத்தே இல்லை என்பதால் மோசடி என்ற பேச்சே கிடையாது. அப்பாவின் மனதுக்குச் சரியென்று பட்டால் செய்யட்டும்.

வீட்டைப் பற்றி மறுபடியும். போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. 38ஆம் பிரிவில் சமரசத் திட்டம் வைக்கலாம். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்மதித்து நீதிமன்றமும் ஏற்றால் தவணையில் கட்டி வீட்டைத் தக்கவைக்கலாம். நூல்கடை அண்ணா காலையில் சொன்னாரே, அது மாதிரி ஆட்கள் ஐந்தாறு பேர் பக்கத்தில் நின்றால் இது நடக்கும். அவர்களை இதுவரை ஏமாற்றாமல் இருந்ததுதான் உங்கள் அண்ணனிடம் இருக்கிற பெரிய பலம். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அதனால் மனுவை அவசரமாகப் போட வேண்டாம் என்பது என் கருத்து. வழக்கு நடக்கும்போது குடும்பச் செலவுக்கு அந்தச் சொத்திலிருந்தே ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி 66ஆம் பிரிவில் கேட்கவும் வழி இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை.

ரிக்வண்டி, திருச்செங்கோடு

வக்கீல் சார், நான் சொன்னது தம்பி குடும்பத்து மேல இருக்கற அக்கறையிலதான். 2 வருச விவரம் எனக்குப் புதுசு. அப்ப ஒண்ணு கேட்கறேன், மனு போடறதுக்கு முன்னாடி கையில இருக்கற காசுல சொந்தக்காரங்க கைமாத்தை மட்டும் தீர்த்துடலாமா? அவங்ககிட்ட மூஞ்சி காட்டணுமே.

கறுப்புக்கோட்டு, ஈரோடு

அந்த மனசு புரிகிறது. ஆனால் மற்றவர்களை விட்டு ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்கும் நோக்கத்தில் பணம் கொடுத்து, 3 மாதத்துக்குள் மனு போட்டால் அந்தப் பணத்தை ரிசீவர் திரும்பக் கேட்கலாம். பிறகு மாமன் மச்சான் எல்லாரும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். சொந்தக்காரங்க பேரையும் பட்டியலில் எழுதுங்கள். அவர்களும் கடன் கொடுத்தவர்கள்தான்.

கரூர் டெக்ஸ், கரூர்

என்னுடையது பிரைவேட் லிமிடெட், ஹோம் டெக்ஸ்டைல்ஸ். டைரக்டராக ஜாமீன் போட்டிருக்கிறேன். எனக்கும் இதே 60ஆம் பிரிவுதானா?

கறுப்புக்கோட்டு, ஈரோடு

இல்லை சார். உங்களுக்கு 2016 சட்டம், சென்னையில் இருக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அதில் விலக்கு வேறு மாதிரி. அடமானம் இல்லாத கருவி, வாகனம், வீட்டுச் சாமான், ஆயுள் காப்பீடு, ஓய்வூதியத் திட்டம் வெளியே நிற்கும். கழற்றக் கூடாத நகைக்கு 1 லட்சம் வரை. குடியிருக்கும் ஒரே வீட்டுக்கும் விலக்கு உண்டு, ஆனால் நகர்ப்புறத்தில் 20 லட்சம், கிராமப்புறத்தில் 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான். கரூரில் இன்றைக்கு 20 லட்சத்துக்குள் வீடு என்பது கஷ்டம். உங்கள் விஷயத்துக்குத் தனி இழை போடுங்கள், இங்கே எழுதினால் தம்பிக்குக் குழப்பமாகும்.

செம்பருத்தி, பெருந்துறை

வாசலில் வந்து சத்தம் போடுகிறார்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003இலிருந்தே சட்டம் இருக்கிறது, 3 வருடம் வரை சிறை. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அண்ணி தனியாக நிற்க வேண்டாம். திருப்பூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100க்கு போன் செய்தாலும் சொல்வார்கள்.

பனியன்தம்பி, திருப்பூர்

அக்கா, ரொம்ப நன்றிங்க. அண்ணியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சீர் நோட்டு அவங்க அம்மா வீட்டில் இருக்கிறதாம், எடுத்து வரப் போயிருக்கிறார். ஜாமீன் கையெழுத்து எதிலும் போடவில்லை. நகைக்கடன் வேறு வங்கியில்தான், அது ஒரு நிம்மதி. அண்ணனுக்கு பி.எஃப். கொஞ்சம் இருக்கிறது, அதை எடுத்து ஃபைனான்ஸுக்கு வட்டி கட்டலாம் என்றிருந்தார். நிறுத்திவிட்டேன்.

வக்கீல் அண்ணா, இரண்டு கேள்வி. ஃபைனான்ஸ்காரர் கையில் தேதி போடாத செக் இருக்கிறது. ஐ.பி. போட்டால் செக் வழக்கு வராதுங்களா? ஜி.எஸ்.டி. பாக்கியும் கொஞ்சம் இருக்கிறது.

கறுப்புக்கோட்டு, ஈரோடு

செக் வழக்கு வரும். அது குற்றவியல் வழக்கு, நொடிப்பு மனு அதை நிறுத்தாது. செக் திரும்பிய நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான், வந்த அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். வாங்கிய தொகை எவ்வளவு, கட்டிய வட்டி எவ்வளவு என்று ஜிபே, வங்கிப் பதிவுகளை எடுத்து வையுங்கள், அந்த வழக்கில் அதுதான் உங்கள் ஆயுதம்.

ஜி.எஸ்.டி. அரசுக் கடன். விடுவிப்பு உத்தரவு வந்தாலும் அரசுக் கடன் தீராது, ஜீவனாம்சமும் தீராது. அதைத் தனியாகத் தவணை கேட்டுக் கட்ட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், மனு போட்ட அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நொடிப்பு உத்தரவு வந்த பிறகுதான் நீதிமன்ற அனுமதி இல்லாமல் யாரும் வசூல் வழக்குப் போட முடியாது. கைது பயம் இருந்தால் பாதுகாப்பு உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில் விடுவிப்புக் கேட்கும்போது கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். சொத்து, கடனில் ரூபாய்க்கு 8 அணாவுக்குக் கீழே போயிருந்தால், அது அவர் கையை மீறிய காரணத்தால் என்று காட்ட வேண்டும். அணாக் கணக்கு இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. பார்ட்டி கையை விரித்ததற்கு டி.சி. (டெலிவரி சலான்) புத்தகம், பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரம், ஒன்றையும் அழிக்காதீர்கள். அந்தப் பார்ட்டி தர வேண்டிய பில் தொகையும் அண்ணனுடைய சொத்துதான், பட்டியலில் அதையும் எழுத வேண்டும். முடிந்தால் மனுவுக்கு முன்னாலேயே அவர்கள் மேல் வழக்குப் போடுங்கள்.

பழைய மேனேஜர், கோவை

வக்கீல் சார் சொன்ன அந்தக் கடைசி வரியைத் தம்பி விட்டுவிடக் கூடாது. சிறு தொழில் பதிவான உத்யம் சான்று அண்ணனிடம் இருந்தால், நிலுவை பில்லுக்கு எம்.எஸ்.எம்.இ. வசதி மன்றத்திலும் முறையிடலாம். 2006 சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் சேரும். ஆர்டர் எடுத்தபோதே பதிவு இருந்ததா என்று பாருங்கள்.

பனியன்தம்பி, திருப்பூர்

உத்யம் பதிவு இருக்குதுங்க, ஆர்டருக்கு முன்னாடியே எடுத்தது. இந்த மன்றத்தைப் பற்றி யாருமே எங்களிடம் சொன்னதில்லை.

நூல்கடை அண்ணா, அண்ணன் உங்கள் பதிவைப் படித்துவிட்டு, கடைக்காரர்கள் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்கிறார். கணக்கை நானும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பாப்பாவுக்குக் காலேஜில் கொடுத்த அரசு லேப்டாப், அண்ணன் ஓட்டுகிற பழைய டி.வி.எஸ். வண்டி, இதெல்லாம் என்ன ஆகும்?

கறுப்புக்கோட்டு, ஈரோடு

லேப்டாப் அரசு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது, அண்ணன் சொத்தில் வராது. வண்டி அவர் பேரில் இருந்தால் பட்டியலில் எழுத வேண்டும், இந்தச் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை. பழைய வண்டிக்கு என்ன விலை வரும்? ரிசீவர் மதிப்புப் போட்டால் அந்தத் தொகையைக் கட்டி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு பேச்சு முடிந்ததும் என்ன முடிவானது என்று இங்கேயே எழுதுங்கள். திருப்பூர் சார்பு நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த ஜூனியர் ஒருவர் இருக்கிறார், தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். போகும்போது வில்லங்கச் சான்று, கடன் பட்டியல், டி.சி. புத்தகம், சீர் நோட்டு நான்கையும் எடுத்துப் போங்கள்.

நூல்கடை, சோமனூர்

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள் தம்பி. உங்கள் அண்ணனிடம் எனக்குப் பாக்கி ஒன்றும் இல்லை, ஆனாலும் வருகிறேன். அந்த லேபிள் கடைக்காரரும் எலாஸ்டிக் கடைக்காரரும் எனக்குப் பழக்கமானவர்களாகத்தான் இருப்பார்கள்.